அந்தப் பதினொரு நிமிடம்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள வாயாடிக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அதற்குள் மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சே பிடித்துவிட்டது. திட்டுவதை எல்லாம் அடுத்த கடிதத்தின் முதல் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இருக்கிறான். அக்கா அப்படியேதான் இருக்கிறாள், மாறவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாளாகத் தூக்கம் இல்லை, இங்கே யாரிடமும் முழுதாகச் சொல்லவும் முடியவில்லை.

என் பாட்காஸ்ட் விஷயம்தான், நெட்டில் நான் போடுகிற அந்தப் பேட்டி நிகழ்ச்சி. "இன்னுமா அதை விடலை?" என்று நீ கேட்பது இங்கே வரை கேட்கிறது. விடவில்லை, இருபத்து மூன்று எபிசோட் ஆகிவிட்டது. ஒன்று தெரியுமா உனக்கு? பாட்காஸ்ட் என்ற சொல்லே 2004 பிப்ரவரியில்தான் அச்சில் வந்தது. கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் எழுதினார். அதே பிப்ரவரி 9ஆம் தேதிதான் நம் மாவட்டமும் இரண்டானது. ராத்திரி ஒரே தட்டில் சாப்பிட்டுப் படுத்தோம், விடிந்ததும் நீ தருமபுரிக்காரி, நான் கிருஷ்ணகிரிக்காரி. என் பெட்டியைத் தூக்கி வராந்தாவில் வைத்து, "பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டாயே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் பத்து எபிசோடைக் கேட்டுவிட்டு, "வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி கேள்வி கேக்குற" என்று எழுதியிருந்தாய். ரொம்ப வலித்தது. ஆனால் உண்மை. அதற்கப்புறம் கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான்: உங்களுக்கு எது உயிர்? அதைக் கேட்டால் போதும், ஆளே மாறிவிடுகிறார்கள். குரல் வேகம் பிடிக்கிறது, கை மேசையைத் தட்டுகிறது. எடிட் செய்யும்போது அந்தத் தட்டுச் சத்தத்தை எல்லாம் நான் எடுப்பதே இல்லை.

போன ஞாயிறு இரண்டு பேர் வருவதாக இருந்தது. காலையில் ஒருவர், மதியம் ஒருவர். காலையில் கரண்ட் போய், எல்லாம் தள்ளிப்போய், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒருவன் பர்கூர்ப் பையன். ஓசூரில் ஷிப்ட் வேலை. அவனுக்கு உயிர் ஹாரர் கேம்கள். பேய் விளையாட்டில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தவள்தான். அவன் பேச ஆரம்பித்ததும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 1999இல் வந்த சைலண்ட் ஹில் என்ற கேமில் ஊர் முழுக்கப் பனிமூட்டமாம். ஏன் தெரியுமா? அந்தக் காலத்துப் பிளேஸ்டேஷன் என்கிற கேம் பெட்டியால் தூரத்தில் இருப்பதை எல்லாம் வரைந்து காட்ட முடியவில்லை. அந்தக் குறையைப் பனியையும் இருட்டையும் போட்டு மறைத்தார்கள், அதுவே அந்த கேமின் பயமாகிவிட்டது. கையில் ஒரு சின்ன ரேடியோ இருக்கும். ஏதாவது நெருங்கி வந்தால் அது கரகரக்கும். "அக்கா, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கரகரப்பு மட்டும் கூடிக்கிட்டே போகும். அங்கதான் பயம் இருக்கு" என்றான். 2010இல் வந்த அம்னீசியா என்ற கேமில் கையில் ஆயுதமே கிடையாதாம். ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். இருட்டில் ஒளிந்தால் துரத்துவதிடமிருந்து தப்பலாம், ஆனால் ரொம்ப நேரம் இருட்டிலேயே இருந்தால் புத்தி கலங்கும். விளக்கேற்றலாம் என்றால் எண்ணெய் தீரும். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, தீர்த்தமலையில் நீ கல்வெட்டுப் படித்துக் காட்டிய நாள்தான் எனக்கு நினைவு வந்தது.

இன்னொருவர் எலத்தகிரிப் பக்கத்து உபதேசியார். எழுபது தாண்டியவர். கத்தோலிக்கச் சாமியார் மாதம் ஒருமுறை வந்துபோகிற சின்ன ஊர்களில் செபம் சொல்வது, பிள்ளைகளைப் புதுநன்மைக்கு, அதாவது முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு, தயார் செய்வது, நோயாளிகளைப் பார்ப்பது, சாவு விழுந்தால் முன்னால் நிற்பது, எல்லாம் அவர்தான். நாற்பது வருடம். 1997இல் சேலத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது அவருக்கு நேற்று நடந்தது மாதிரி. ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். உள்ளே கைப்பிடி வைத்த ஒரு மரப்பலகை, அதன் மேல் ஆடித் தட்டுகிற மாதிரி ஒரு சின்ன மரச்சுத்தி. ஆணி தளர்ந்துவிட்டதாம், சரிசெய்ய எடுத்துப் போகிற வழியில் வந்திருக்கிறார்.

புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டைப் பாடும்போது கோவில் மணி அடிக்கும். அதோடு சரி. பாஸ்கா ராத்திரி, ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசையில், மறுபடி அந்தக் கீதம் வரும்வரை மணிக்கு வாயில்லை. இடையில் எதற்கும் இந்தக் கட்டைதான். கைப்பிடி இருக்கிற இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு வழவழவென்று கறுத்திருந்தது. அதைப் பிடித்துக் கை மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினார். 'டக டக டக' என்று காய்ந்த, ஈரமே இல்லாத சத்தம். மைக்கில் அளவு சிவப்புக்குப் போய் ஒலி உடைந்துவிட்டது. நான் தலையில் கை வைத்தேன். பையனோ காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தாத்தா, இன்னொரு தடவ" என்றான். இந்தச் சத்தத்துக்காக கேம் செய்கிறவர்கள் தவம் கிடப்பார்கள் என்றான்.

அப்புறம் அவனே கேட்டான்: "கல்லறைக்கு ராத்திரியில தனியாப் போயிருக்கீங்களா? பயம் இருக்காதா?"

"போகும்போது இல்ல தம்பி. திரும்பி வரும்போதுதான்."

ஏன் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் பதினொரு நிமிடம். ஒரு அடக்கத்தைப் பற்றி. அதற்கு மேல் உனக்கும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இருபத்து மூன்று எபிசோடிலும் யாரும் அப்படிப் பேசியதில்லை. பேசி முடித்தபோது வெளியே நெடுஞ்சாலையில் போன லாரி ஹாரன்கூட எங்களுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார். "அம்மா, அந்தப் பகுதி வெளியே போக வேண்டாம். அந்தக் குடும்பத்துல இன்னும் ஒருத்தர் இருக்கிறார். அவர் காதுக்கு அது என் வாயால போகக் கூடாது."

சரி ஐயா என்றேன். வேறென்ன சொல்வது? வீட்டுக்காரர், "பெயரை மாத்திட்டுப் போடேன்" என்றார். பெயரை மாற்றலாம், குரலை என்ன செய்வது? அந்தப் பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கேட்ட குரல் அது. இரண்டு வார்த்தையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அது மட்டும் இல்லை. மனசு இளகிப் பேசிய ஒருவர், ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வேண்டாம் என்கிறார். மைக் முன்னால் சொன்னதாலேயே அது என்னுடையதாகிவிடுமா? ஆகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெட்டினேன். வெட்டிய இடம் காதில் உறுத்தியது. பேச்சு பொருந்தியது, அறை பொருந்தவில்லை. இங்கே இரைச்சல், அங்கே அமைதி. இதற்கென்றே ஒவ்வொரு முறையும் ஆரம்பத்தில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிந்து வைப்பேன். அதிலிருந்து நாலு விநாடி எடுத்து இடையில் வைத்துத் தைத்தேன். பொருந்திவிட்டது, கேட்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினால் அந்த நாலு விநாடியில் பெரியவர் மூச்சு விடுவது கேட்கிறது. பல்லிடுக்கில் லேசாக ஒரு சீழ்க்கையோடு. அதையே எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

எபிசோட் வியாழக்கிழமை வெளியாகிவிட்டது. நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். "அந்தக் கட்டைச் சத்தத்துல உடம்பு சிலிர்த்திருச்சு" என்று நம்ம நெட்டையன்கூட மெசேஜ் போட்டிருக்கிறான், பதினைந்து வருடம் கழித்து!

என் கவலை இதுதான். வெட்டிய பகுதி இன்னும் என் போனில் இருக்கிறது. வெளியே விடாதே என்றார் அவர், அழித்துவிடு என்று சொல்லவில்லை. அழிக்கப் போய் இரண்டு முறை கை நின்றுவிட்டது. வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோர் கையிலும் புழங்குகிற போன். நாற்பது வருடமாக அவர் யாரிடமும் சொல்லாதது அதில் கிடக்கிறது.

பாதி மண்ணில் கிடக்கிற நடுகல்லை பஸ்ஸிலிருந்தே கண்டுபிடித்து, இறங்கி, எழுத்துத் தெரிகிறதா என்று தடவிப் பார்க்கிறவள் நீ. ஆனால் ஊர்க்காரர் வேண்டாம் என்றால் படம்கூட எடுக்காமல் வந்துவிடுவாய். இருளப்பட்டியில் அப்படித்தான் வந்தாய், நான் உன்னோடு சண்டை போட்டேன். அன்றைக்கு நீ பதில் சொல்லவே இல்லை. இப்போது சொல். எனக்கு நிஜமாகவே தேவைப்படுகிறது.

பர்கூர்ப் பையன் அன்று சாயங்காலம் பெரியவரை பைக்கில் கொண்டுபோய் விட்டான். அதிலிருந்து வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைச் செபத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதும் அவன்தானாம். வருகிற வெள்ளி நானும் போகிறேன். ஒரு மெமரி கார்டில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அவர் எதிரில் போனில் அழித்துவிடலாமா என்று நினைக்கிறேன். அது அவருக்குப் பாரமாகுமோ என்றும் தோன்றுகிறது.

போன் செய்யாதே, பேச ஆரம்பித்தால் சொல்லிவிடுவேன். எழுது. வெள்ளிக்குள் வந்து சேருகிற மாதிரி எழுது.

உன்
நெல்லிக்காய்