தமிழ் இயக்குநர்களுக்கு தாராவியிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் வசனம் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் மும்பை தாராவியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள். வெளியே இந்தியும் மராத்தியும் பேசினாலும் வீட்டில் ஓடுவது தமிழ்ப் படம்தான். அந்த உரிமையில் நேராகவே கேட்கிறேன்: கருப்பாக இருக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணைக் கதாநாயகியாக்க உங்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

பையன்களுக்கு நீங்கள் செய்த நல்லதை மறக்கவில்லை. ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் பார்த்து ஒரு தலைமுறைப் பையன்கள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். 2018-ல் 'காலா' வந்தபோது எங்கள் தெருப் பையன்கள் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு தியேட்டருக்குப் போனார்கள். அந்தப் பெருமையில் பாதிகூட அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கு வந்து சேரவில்லை. கருத்த நாயகன் தன் நிறத்தைச் சொல்லி ஆடிப் பாடலாம். கூட ஆடுகிறவள் மட்டும் சிவப்பாக இருந்தாக வேண்டும். கருத்த பெண் திரையில் வந்தால், அது பெரும்பாலும் காமெடி சீன்.

2007-ல் வந்த 'சிவாஜி'யில், பாரியின் மகள்கள் என்று நாம் போற்றும் அங்கவை, சங்கவை பெயரை இரண்டு பெண்களுக்கு வைத்து, மேக்கப்பில் இன்னும் கருப்பாக்கி, அந்த நிறத்தையே சிரிப்புக்குப் பொருளாக்கினார்கள். அதே படத்தில் ஒரு பாட்டுக்காக ரஜினியைக் கணினியில் வெள்ளைக்காரர் நிறத்துக்கு மாற்றினார்கள். அந்தப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

படம்தானே, சிரித்துவிட்டுப் போங்கள் என்பீர்கள். ஒரு ஆண்டு விழாவில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணகி நாடகம். வசனம் முழுவதும் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்த ஒரு பெண், தானாகவே தோழி வேடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏம்மா என்றேன். "கண்ணகின்னா செவப்பா இருக்கணும்ல, மிஸ்?" என்றாள். விழா அன்று மேக்கப் போட வந்தவர் அவளுடைய நிறத்துக்குக் கொஞ்சமும் சேராத பான்கேக்கை முகத்தில் மட்டும் அப்பிவிட்டார். தாடைக்குக் கீழே கோடு போட்டதுபோல் நிறம் மாறியது. அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கழுத்துக்கும் போடச் சொல்லுங்க என்று கெஞ்சினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. கண்ணகி சிவப்பு என்று எந்தப் பாடப் புத்தகமும் அவளுக்குச் சொல்லவில்லை.

சிவப்பழகு க்ரீம் விற்றவர்களே கொஞ்சம் இறங்கி வந்துவிட்டார்கள். 1975-லிருந்து விற்றுவந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'யின் பெயரிலிருந்து 2020-ல் 'ஃபேர்' போய்விட்டது. கருப்பாக இருப்பவர்களை அழகற்றவர்களாக, தோற்றுப்போனவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறை 2014-லேயே தனக்கு விதி வகுத்துக்கொண்டது. உங்களுக்கு அப்படி ஒரு தணிக்கை வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீங்களாக மாற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தன்னம்பிக்கை என்று நீங்கள் காட்டுவதிலும் எனக்கு வருத்தம் உண்டு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முடியை நேராக்கி, உடுப்பை மாற்றி, ஒரு பாட்டு முடிவதற்குள் நாயகிக்குத் தைரியம் வந்துவிடுகிறது. அதுவும் நாயகன் திரும்பிப் பார்த்த பிறகு. எங்கள் பிள்ளைகளைப் பாருங்கள். ரேஷன் கடையில் மராத்தியில் வாதாடி, பேங்கில் இந்தியில் பேசி ஆச்சிக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு, நெரிசலில் லோக்கல் ரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறவள் இருக்கிறாள். காலையில் அம்மாவோடு இட்லி அவித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிறவள் இருக்கிறாள். இவர்களுக்குத் துணிச்சலை யாரும் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போது மட்டும் அது குறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் உங்கள் பங்கு இருக்கிறது.

என்னை அதிகமாக வலிக்கச் செய்வது இன்னொன்று. கதாநாயகி தேடி நீங்கள் பல வருடமாக மும்பைக்குத்தான் வருகிறீர்கள். தமிழ் தெரியாத பெண்ணைக் கூட்டிப் போய், வேறொருவர் குரலைப் பொருத்தி, மதுரைப் பெண் என்றும் நெல்லைப் பெண் என்றும் காட்டுகிறீர்கள். நடிக்கிற பெண்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் நெல்லைத் தமிழ் பேசுகிற பெண்கள் இதே ஊரில் இருக்கிறார்களே.

மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2015-ல் 'காக்கா முட்டை'யில் ஐஸ்வர்யா ராஜேஷை ஏற்றுக்கொண்டது இதே மக்கள்தான். அப்புறம், நிறவெறிக்கு எதிரான படம் என்று சொல்லிச் சிவந்த நடிகைக்குக் கருப்பு பூசவும் வேண்டாம். 2019-ல் 'பாலா' என்ற இந்திப் படத்தில் பூமி பெட்னேகருக்கு அப்படித்தான் செய்தார்கள். கருத்த பெண்ணின் கதைக்கே கருத்த பெண் கிடைக்கவில்லை என்றால் வேறு எந்தக் கதையில் அவளுக்கு இடம்?

அடுத்த முறை நடிகர் தேர்வுக்கு வரும்போது சினிமாக்காரர்கள் கூடும் வெர்சோவா ஆராம் நகரோடு திரும்பிவிடாதீர்கள். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கமும் வாருங்கள். இங்கே தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, பொங்கல் விழா மேடைகள் இருக்கின்றன. முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகளையும் பெற்றோரையும் வரச் சொல்வது என் பொறுப்பு. மேக்கப் இல்லாமல் வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியை