பலகாரத் தட்டுக்கு அடியில் போன தேவதூதர் பேச்சு

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நலம். சித்திக்கு முழங்கால் வலி தேவலையா?

தேவதூதர்களோடு பேசிய ஜான் டீயைப் பற்றி நல்ல புத்தகமாக ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். வாங்குவது பெரிய காரியமில்லை. இந்த ஊரில் மாந்திரீகத்துக்கென்றே புத்தகக் கடைகள் உண்டு. மியூசியம் தெருவில் அட்லாண்டிஸ் 1922 முதல் நடக்கிறது. செசில் கோர்ட் சந்தில் வாட்கின்ஸ். பிள்ளை குட்டிகளோடு வந்து சாவகாசமாகப் புரட்டிவிட்டுப் போகிறார்கள், ஒளிவுமறைவே கிடையாது. எதை வாங்கக் கூடாது என்று தெரிவதுதான் பாடு.

நம் ஊரில் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மை போடுகிறவர் ஒருவர், பார்த்துச் சொல்கிற பிள்ளை வேறு. இங்கும் அதே கதைதான். டீ எலிசபெத் ராணி காலத்துக் கணித மேதை, ஆனால் அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பளிங்குக் கல்லைப் பார்த்துச் சொன்னவர் எட்வர்ட் கெல்லி. 1582 மார்ச் 10 அன்று முதன்முதலாக உட்கார்ந்தபோது அவர் சொல்லிக்கொண்ட பெயர் டால்பட். இது தெரியாமல் படித்தால் இரண்டு ஆட்கள் என்று நினைத்துக் குழம்புவீர்கள். டீயின் பெருமை, கெல்லி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், இருவரும் போட்ட சண்டை உட்பட, எழுதி வைத்ததுதான். 1587-இல் ‘மனைவிமாரையும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று தேவதூதர் உத்தரவு வந்ததாகக் கெல்லி சொன்னதைக்கூட மறைக்கவில்லை. அந்தப் பக்கங்களைச் சித்திக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

அவர் கைப்பட எழுதியது பிரிட்டிஷ் நூலகத்தில் ஸ்லோன் 3188 என்ற எண்ணில் இருக்கிறது. அது பிழைத்ததே பெரிய கதை. டீ இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, லண்டன் லாம்பார்டு தெரு மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் பழைய மரப்பெட்டி ஒன்றை வாங்கினார். 1662-இல் பெட்டியை நகர்த்தும்போது உள்ளே ஏதோ குலுங்க, ரகசிய அறையைத் திறந்தால் கட்டுக் கட்டாகக் காகிதம். மதிப்பு தெரியாத வேலைக்காரப் பெண் பாதியைப் பலகாரத்துக்கு அடியில் போட்டுத் தீர்த்துவிட்டாள். 1666 பெருந்தீயில் பெட்டி எரிந்தது, காகிதங்கள் தப்பின. 1672-இல் பழம்பொருள் சேகரிப்பாளர் எலியாஸ் ஆஷ்மோல் கைக்கு வந்து சேர்ந்தன. இதையெல்லாம் ஆஷ்மோலே முன்னுரையாக எழுதி அதே கட்டில் சேர்த்திருக்கிறார்.

அந்த நூலகத்துச் சுவடி அறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். பையை லாக்கரில் பூட்டிவிட்டு, வேண்டியதைக் கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். சினிமாவில் காட்டுகிற வெள்ளைக் கையுறை கிடையாது. கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குப் பிடிபடாமல் கிழியும் என்பதால், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தால் போதும். ஏட்டைப் பஞ்சு மெத்தைமேல் சாய்த்து வைத்து, பக்கம் மூடாமலிருக்கப் பாம்புபோல் நெளிகிற துணிச்சரம் ஒன்றைப் போடுகிறார்கள்.

எழுத்துதான் முதலில் மிரட்டும். டீ காலத்துக் கையெழுத்தில் நீட்டிய ‘எஸ்’ பார்க்க ‘எஃப்’ போலிருக்கும். ‘யூ’வும் ‘வி’யும் இடம் மாறி வரும். கிரேக்க டெல்டாவாக ஒரு முக்கோணம் போட்டிருந்தால் பேசுவது டீ. தேதியும் காலை வாரும். போலந்தில் 1582-லேயே புது நாட்காட்டி வந்துவிட்டது, இங்கிலாந்தில் 1752-இல்தான். டீ அந்நாட்டுக் கிராக்கோ நகருக்குப் போனபின் எழுதிய தேதிகளில் இது எந்தக் கணக்கு என்று பார்க்காவிட்டால் பத்து நாள் பிசகும்.

அச்சில் முதலில் வந்தது 1659-இல் மெரிக் கசாபன் என்ற அறிஞர் போட்ட பதிப்பு. அது 1583 மே 28-இல்தான் தொடங்குகிறது, அதற்கு முந்தியது 3188-இல் இருக்கிறது. போதாததற்கு, டீயைப் பிசாசுகள் ஏமாற்றின என்று காட்டத்தான் கசாபன் அதை வெளியிட்டார்.

அடுத்த குழப்பம் உச்சரிப்பு. கெல்லி வழியாகத் தேவதூதர்கள் சொன்னதாக டீ எழுதிவைத்த தனி மொழியில் அழைப்பு மந்திரங்கள் உண்டு; முதல் அழைப்பு டீயிடம் ‘ஓல் சோன்ஃப் வோர்ஸ்க்’ என்று தொடங்குகிறது. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாந்திரீக சபையார் மெய்யெழுத்துக்களுக்கு நடுவே உயிரைச் செருகி ‘ஓல் சோனுஃப் வாஓர்சாகி’ ஆக்கிவிட்டார்கள். நாம் ஸ்கூலை இஸ்கூல் ஆக்கிய கதைதான். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற செய்முறைப் புத்தகங்களில் பல இந்தச் சபை வழிதான். அட்டையில் மட்டும் டீ பெயர் இருக்கும்.

பொருட்களிலும் அப்படியே. தேவதூதரை அழைக்க உட்காரும் மேசைமேல் வைக்கும் முத்திரை வட்டு சுத்தமான மெழுகில், 9 அங்குலம் குறுக்களவு, ஓர் அங்குலத்துக்குச் சற்றே மேல் கனம். நிறம் எதுவானாலும் சரி என்பது உத்தரவு. மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு சின்ன வட்டு. இப்போது விற்பது மரப்பலகையில் லேசர் வெட்டியது. விளிம்பில் நாற்பது கட்டங்கள், எழுத்தும் எண்ணுமாக. பிரதிக்குப் பிரதி எடுத்ததில் எது தவறியது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மூல மெழுகு வட்டுகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, பார்க்கக் கட்டணம் இல்லை. கூடவே உள்ள கருங்கண்ணாடி மெக்சிகோவின் பச்சுகா எரிமலைக் கல் என்று 2021-இல் எக்ஸ்ரே சோதனையில் உறுதியானது. அது டீயுடையது என்பதற்கு ஆதாரம் பதினெட்டாம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த ஹோரஸ் வால்போலின் குறிப்புதான்.

பேகன் வழிபாட்டுப் புத்தகங்களும் கேட்டிருந்தீர்கள், கிறிஸ்தவத்துக்கு முந்திய தெய்வங்களை இன்று வணங்குகிறவர்களுடையது. ‘எட்டுத் திருவிழாச் சக்கரம், ஆதிகாலத்து வழக்கம்’ என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடலாம். அயர்லாந்தின் ‘சவ்வின்’ (Samhain) விழாவைப் போலத் தனித்தனியே பழைய விழாக்கள் உண்டு. எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950-களில். சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டு, 1954-இல் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் தம் சூனிய வழிபாட்டைப் பற்றி வெளிப்படையாக எழுதியபிறகு இந்த வழிபாடு பரவியது. இதற்கு ரொனால்டு ஹட்டன் என்ற வரலாற்றாசிரியரைப் படியுங்கள்.

டீக்கு ஜோசப் பீட்டர்சன் 2003-இல் போட்ட பதிப்பை, 3188 முழுவதும் அச்செழுத்தில், தபாலில் சேர்த்திருக்கிறேன். கசாபன் பதிப்பு அடையாறு நூலகத்தில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள், இங்கே பழைய புத்தகக் கடையில் தேடுகிறேன்.

சித்திக்கும் பாட்டிக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்