மூன்றாம் லோரோங் (சந்து) நாய்க் குரைப்பு: ஞாயிறு மாலைச் சந்திப்பு

சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மூன்றாம் லோரோங் கடைசி வீட்டு நாய் ஓயாமல் குரைப்பது குறித்து, 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை 5.00 மணிக்கு விளையாட்டுத் திடல் பந்தலில் பேசவிருக்கிறோம். வீட்டுக்காரரும் வர ஒப்புக்கொண்டுள்ளார். நேற்று நான் நேரில் சென்று பார்த்தேன். பின்புறத் தகரக் கொட்டகையில், இரண்டு முழச் சங்கிலியில், சாலையைப் பார்த்தபடி கட்டப்பட்டிருக்கும் அந்த நாய், விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டச் செல்வோரின் மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் எழுந்து குரைக்கிறது. கட்டும் இடத்தை மாற்றி, சங்கிலியையும் நீளமாக்கினாலே பாதித் தொல்லை தீரும் என்பது என் கருத்து.

உறுப்பினர்கள் கவனத்திற்கு:

1. குரைத்த நாள், தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம் ஆகியவற்றை இன்றிரவு முதல் குறித்து வாருங்கள். நகராண்மைக் கழகத்திடம் புகார் செய்ய நேர்ந்தால், "எப்போதும் குரைக்கிறது" என்ற ஒரு வரி போதாது.

2. நாய் வளர்ப்போர் அனைவரும் இவ்வாண்டு உரிமத்தைக் கொண்டு வரவும்.

3. நம் குழுவில் யாரையும் ஏசிக் குரல்பதிவு அனுப்ப வேண்டாம்.

4. இறைச்சியில் விஷம் வைக்கலாம் என ஒருவர் எழுதியதை நீக்கிவிட்டேன். விளையாட்டாகச் சொல்லியிருந்தாலும், 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கு வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவு 9.00 மணிக்குள் வீட்டு எண்ணுடன் பதிலிடவும். இரவு வேலைக்குச் செல்வோர் தங்கள் குறிப்பை எனக்குத் தனியாக அனுப்பினால் போதும்.

நன்றி.
செயலாளர்