முழுநீளக் கட்டை வெறும் அலங்காரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் .22 ரைஃபிள்கள் (சிறு தோட்டாத் துப்பாக்கிகள்) பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் குழலின் வாய் வரைக்கும் மரம் ஓடும் முழுநீளக் கட்டையை (குழலைத் தாங்கும் மரப்பாகத்தை), “பார்க்க அழகு, குறி தப்பும்” என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது மனதுக்கு ஒப்பவில்லை. பெரிய தோட்டா ரைஃபிளின் குறையைத் தூக்கி, சின்ன செமி ஆட்டோமேட்டிக்கின் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் துப்பாக்கியின்) தலையில் கட்டியிருக்கிறார்கள்.

குறை என்னவோ உண்மைதான். குழல் சூடேறும்போது, மரம் அதை ஓரிடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் குண்டு விழும் இடம் நகரும். மான் வேட்டை ரைஃபிளில் நாலைந்து குண்டு சேர்ந்தாற்போல் சுட்டாலே இது தெரிந்துவிடும். ஆனால் .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து மிகக் கொஞ்சம். ரூகர் நிறுவனத்தின் .22 செமி ஆட்டோமேட்டிக்கான 10/22-இல் பத்துத் தோட்டாவையும் மடமடவென்று சுட்டுவிட்டுக் குழலைத் தொட்டுப் பாருங்கள், கை சுடாது. இன்னொன்று, அதே 10/22-இன் சாதா கார்பைனில் (குட்டைக் குழல் ரைஃபிளில்) கட்டையின் முன்நுனியையும் குழலையும் ஒரு வளையம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அங்கேயும் குழல் தனித்து நிற்கவில்லையே! அதைக் கட்டுரையாளர் குறையாகச் சொல்லவில்லை.

இந்த வடிவத்துக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. ஆஸ்திரியாவின் ஸ்டயர் நகரில் தயாரான 1903 மாடல் மான்லிக்கர்-ஷோனவர் கார்பைன்தான் முழுநீளக் கட்டையை வேட்டைக்காரர்களிடம் பிரபலமாக்கியது. அதன் சிறப்பு கட்டை மட்டுமல்ல, ஷோனவரின் சுழல் மேகசினும்தான் (தோட்டாக்களை வட்டமாக அடுக்கிச் சுழற்றித் தரும் கூடு). 1964-இல் வந்த 10/22-இன் பத்துத் தோட்டா மேகசினும் சுழலும் வகையே. ஆகவே 1960-களிலேயே ரூகர் இதற்கு ‘இன்டர்நேஷனல்’ என்ற பெயரில் முழுநீளக் கட்டை போட்டபோது, உள்ளே இருந்த உறவு வெளியேயும் தெரிந்தது, அவ்வளவுதான். பதினெட்டரை அங்குலக் குழல் என்பதால் அளவும் பாந்தமாக அமைந்தது. நீளக் குழலில் இதே கட்டையைப் போட்டால் முன்பாரம் இழுக்கும்.

சரி, உண்மையான தொல்லை எது? ஈரம். நான் இருக்கும் ஹூஸ்டனில் கோடை முழுக்கக் காற்றில் ஈரம்தான். மரம் நீளமாக இருப்பதால் உப்பினாலும் வளைந்தாலும் குழலில் போய் உரசும். வெளிப்பக்கம் பளபளவென்று வார்னிஷ் இருக்கும், குழல் படுக்கும் பள்ளம் வெறும் மரமாகக் கிடக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. கட்டையின் முன்நுனியில் இருக்கும் முன்மூடியின் திருகைக் கழற்றி, மேகசினுக்கு முன்னால் இருக்கும் பெரிய திருகையும் எடுத்து, சேஃப்டி பொத்தானைப் பாதியில் நிறுத்தினால்தான் உலோகப் பாகம் கட்டையிலிருந்து வெளியே வரும். பள்ளத்தில் மெல்லிய பூச்சாக இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துக் காயவைத்தேன். அப்புறம் மழைக்காலத்திலும் குறி நகரவில்லை. சுத்தம் செய்யும்போதும் ஒரு கவனம் வேண்டும். என்னுடைய 10/22-இல் கம்பியைக் குழல்வாய் வழியாகத்தான் விட வேண்டியிருக்கிறது. வழியும் திரவம் நேராக முன்மூடிக்குள் இறங்கி மரத்தை ஊறவைக்கும். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துடைத்துவிட்டால் போதும்.

முயலுக்கும் அணிலுக்கும் ஐம்பது கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு இதற்கு மேல் என்ன துல்லியம் வேண்டும்? பந்தயத்துக்குச் சுடுகிறவர் கனமான குழலும் தனிக் கட்டையும் வாங்கிக்கொள்ளட்டும், அது வேறு தேவை.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். ஒரே 10/22-ஐ முதலில் முழுநீளக் கட்டையிலும், பிறகு சாதாக் கட்டையிலும் வைத்து, ஒரே தோட்டாவால் சுட்டு, இரண்டு இலக்குத் தாள்களின் படத்தையும் அடுத்த இதழில் போடுங்கள். ஒரு தடவை வறண்ட நாளிலும் ஒரு தடவை மழைநாளிலும் செய்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்