உதவிக்குப் பக்கத்தில் கடனையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹெய்ட்டிக்குப் பணக்கார நாடுகள் தரும் உதவி பற்றிய உங்கள் கட்டுரையைக் காலையில் ரப்பர் பால்வெட்டு முடித்து வந்து வாசித்தேன். ஹெய்ட்டி வாங்கிய கணக்கு இருக்கிறது, அது கொடுத்த கணக்கு எங்கே?

கரும்பும் காப்பியும் விளைவித்த அடிமைகள் போராடி 1804-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாடு அது. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அடிமைகளை இழந்த தோட்ட முதலாளிகளின் நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் கேட்டது. அப்புறம் 9 கோடியாகக் குறைத்தார்களாம், என்ன தாராளம்! அதைக் கட்ட பாரிஸிலேயே வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன்களின் பாக்கி தீர 1947 ஆயிற்று.

பிரிட்டன் மட்டும் என்ன? 1833 அடிமை ஒழிப்புச் சட்டப்படி 2 கோடி பவுன் ஈடு கொடுத்தது, அதுவும் முதலாளிகளுக்கு. அடிமைகளோ ‘தொழில் பழகுநர்’ என்ற பேரில் 1838 வரை அதே தோட்டத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள்.

நம் பகுதி அன்று திருவிதாங்கூர். இங்கே அடிமை முறையை 1855-இல் ஒழித்தார்கள். அதோடு ஒரு சென்ட் நிலமாவது கிடைத்ததாக எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டதில்லை.

இனி உதவித் தொகையை அச்சிடும்போது, சரி, ஒரு பெட்டிச் செய்தியாகவாவது அந்த 9 கோடியையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ரப்பர் தோட்டத் தொழிலாளி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்