பிசினஸ் கம்யூனிகேஷன் சிலபஸ் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பருக்கு சிலபஸ் போடுற பேராசிரியர்களுக்கும், அதை வகுப்புல நின்னு எடுக்குற ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்க பேப்பரை காலேஜ்ல படிச்சு பாஸ் பண்ணவன் நான். இப்போ ஒரு ஆபீஸ்ல டீம் பாத்துக்குற வேலை, காலேஜ் முடிச்சு நேரா வேலைக்கு வர்ற பசங்களும் பொண்ணுங்களும் முதல்ல வந்து உக்கார்றது என் டீம்லதான். அவங்க எழுதுற முதல் மெயில், முதல் ரிப்போர்ட், கிளையன்ட்கிட்ட பேசுற முதல் போன் கால் எல்லாத்தையும் பக்கத்துல இருந்து பாக்குறேன், அந்த உரிமைலதான் இதை எழுதுறேன். நான் கேக்குறது ஒரே ஒரு விஷயம். மாணவர் எழுதுறதை இன்னொரு ஆள் உண்மையிலேயே படிச்சு, அதை வச்சு ஏதாவது ஒண்ணு செஞ்சாகணுங்குற மாதிரி இந்தப் பேப்பரை மாத்துங்க. இப்போ அது எழுதுறவங்களுக்கும் மார்க் போடுறவங்களுக்கும் நடுவுலயே முடிஞ்சு போகுது, மார்க் போடுறவங்களுக்கு பதில் என்னன்னு முன்னாடியே தெரியும், அதனால எழுதினது புரிஞ்சுதா இல்லையான்னு யாருமே கேக்குறதில்ல.

ஒரு உதாரணம் சொல்றேன். ஆர்டர் லேட் ஆகப்போகுதுன்னு கஸ்டமருக்கு மெயில் போடணும். புதுசா வர்றவங்க எழுதுறது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: சப்ஜெக்ட் லைன்ல "ஆர்டர் தொடர்பாக", உள்ள "தங்கள் நிறுவனத்துடனான நீண்டகால உறவை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்"னு ஒரு ஆரம்பம், அப்புறம் எந்த சப்ளையர் எதை எப்போ அனுப்பாம விட்டாருங்குற முழுக் கதை, அப்புறம் "தவிர்க்க முடியாத காரணங்களால்", கடைசிக்கு முந்தின வரில "சற்று தாமதம் ஏற்படக்கூடும்", கீழ "தங்கள் உண்மையுள்ள". ஃபார்மட்ல ஒரு குறை சொல்ல முடியாது, பரீட்சைல நல்ல மார்க்கே வாங்கும். ஆனா அதைப் படிக்கிற கஸ்டமர் தேடுறது என்ன? எது லேட், எந்தத் தேதிக்கு வரும், அதுவரைக்கும் நான் ஏதாவது பண்ணணுமா, வேணாம்னா யார்கிட்ட சொல்லணும். நாலுல ஒண்ணுகூட அந்த மெயில்ல கிடையாது. "உங்க ஆர்டர் 12ஆம் தேதிக்கு பதிலா 19ஆம் தேதி வரும், அது சரிப்படலைன்னா 10ஆம் தேதிக்குள்ள இந்த மெயிலுக்கே பதில் போடுங்க, பணத்தைத் திருப்பிடுறோம்"னு முதல் வரில வந்திருந்தா அவர் அரை நிமிஷத்துல முடிவு எடுத்துட்டு அவர் வேலையைப் பாக்கப் போயிருப்பார். மரியாதை வேணாம்னு நான் சொல்லல, அவர் நேரத்தை மிச்சப்படுத்துறதுதான் பெரிய மரியாதைன்னு சொல்றேன்.

இந்தப் பிள்ளைங்களுக்கு அறிவு குறைவுன்னு யாரும் நினைச்சுடாதீங்க. தெளிவு, சுருக்கம், முழுமைன்னு நல்ல எழுத்துக்குச் சொல்ற, இங்கிலீஷ்ல சி எழுத்துல தொடங்குற அந்த ஏழு குணத்தையும், அதாவது ஏழு சி-யையும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட வரிசையா சொல்லுவாங்க. சுருக்கமா எழுதணுங்குறதைப் பத்தி நாலு பக்கத்துக்கு எழுதச் சொன்னது நாமதானே, அவங்க என்ன பண்ணுவாங்க.

எதை எடுத்துட்டு எதுக்கு இடம் கொடுக்கலாம்னு கேட்டா, முதல்ல அந்த 7, 38, 55 வட்டப் படத்தை எடுத்துடுங்க. சொல்ற வார்த்தைக்கு வெறும் 7 சதவீதம்தான் பங்கு, குரலுக்கு 38, முகபாவத்துக்கும் உடல்மொழிக்கும் 55னு எத்தனையோ கிளாஸ்ல இன்னமும் நடத்துறாங்க. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல வெளியிட்ட ரெண்டு ஆய்வுலேர்ந்து வந்த எண்கள் அது. அங்க கேட்டவங்க முன்னாடி இருந்தது டேப்ல பதிவு பண்ண ஒத்தை ஒத்தை வார்த்தைகளும் முகத்தோட போட்டோக்களும்தான், கண்டுபிடிக்கச் சொன்னது பேசுறவருக்கு நம்மளைப் பிடிச்சிருக்கா இல்லையாங்குறதை. உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் பத்தின பேச்சுக்குத்தான் இது பொருந்தும், மத்ததுக்கு இல்லன்னு மெஹ்ராபியனே சொல்லியாச்சு. அதைத் தூக்கி மீட்டிங்குக்கும் ரிப்போர்ட்டுக்கும் பொருத்தி நடத்துறப்போ, வார்த்தை முக்கியமே இல்ல, நிமிர்ந்து நின்னு கையை ஆட்டினா போதும்னு ஒரு பிள்ளை நம்பிட்டு வருது. அந்தப் பிள்ளையோட முழு வேலையும் மெயில்லயும் சாட்லயும்தான் நடக்கப்போகுது, அங்க வார்த்தையைத் தவிர வேற எதுவுமே கிடையாது.

அடுத்து அனுப்புநர், சேனல், பெறுநர், நடுவுல இரைச்சல்னு போடுற அந்த அம்புக்குறிப் படம். அமெரிக்க கணித அறிஞரும் இன்ஜினியருமான கிளாட் ஷானன் 1948ல ஒரு கட்டுரைல கொண்டு வந்தது, டெலிபோன், டெலிகிராஃப் மாதிரி கருவிகள்ல சிக்னல் சிதையாம போறதுக்கான கணக்கு, அதுல அவருக்கு நிகர் அவர்தான். ஆனா செய்தியோட அர்த்தத்துக்கும் இந்த இன்ஜினியரிங் பிரச்சினைக்கும் சம்பந்தம் இல்லன்னு அந்தக் கட்டுரையோட ஆரம்பத்துலயே அவர் சொல்லிட்டார். நமக்கு வேண்டியது அர்த்தம்தானே. படத்தை ஒரு கிளாஸ்ல காட்டிட்டு நகர்ந்துடலாம், அதை வரைஞ்சு பாகம் குறிக்கச் சொல்லி மார்க் குடுக்க வேண்டியதில்ல.

அந்த இடத்துல நடத்த வேண்டியது என்னன்னா, ஒரு மெமோவோட கதை. 1977 செப்டம்பர்ல அமெரிக்காவுல டேவிஸ்-பெஸ்ஸிங்குற அணுமின் நிலையத்துல ஒரு வால்வு திறந்தபடியே மாட்டிக்கிச்சு, ஆபரேட்டர்கள் நிலைமையைத் தப்பாப் புரிஞ்சுகிட்டு அவசரத்துக்குத் தண்ணி செலுத்துற பம்பை சீக்கிரமே நிறுத்திட்டாங்க. ரியாக்டர் அப்போ ரொம்பக் குறைஞ்ச பவர்ல ஓடிட்டு இருந்ததால பெருசா ஒண்ணும் ஆகல. அந்த ரியாக்டரைச் செஞ்ச கம்பெனியோட இன்ஜினியர் ஒருத்தர் இதைப் பாத்து, எந்த நிலைமை வர்ற வரைக்கும் பம்பை நிறுத்தக்கூடாதுன்னு ஆபரேட்டர்களுக்கு சொல்லியாகணும்னு 1978 பிப்ரவரில கம்பெனிக்குள்ளயே மெமோ எழுதினார். அதுக்கு ஒருத்தர் வேற ஒரு சந்தேகம் கிளப்பினார், அந்த சந்தேகத்தைத் தீர்த்து வைங்கன்னு ஆகஸ்ட்ல இன்னொரு டிபார்ட்மென்ட்டுக்கு இன்னொரு மெமோ போச்சு, அங்க அதை வழக்கமா வர்ற காகிதம்னு எடுத்துக்கிட்டாங்க, மாசக் கணக்குல பதில் இல்ல. 1979 மார்ச் 28 அன்னைக்கு அமெரிக்காவுலயே த்ரீ மைல் ஐலண்ட்ங்குற இன்னொரு அணுமின் நிலையத்துல அதே மாதிரி வால்வு மாட்டிக்கிச்சு, அங்கயும் பம்பைக் குறைச்சுட்டாங்க, ரியாக்டரோட மையப்பகுதில ஏறக்குறைய பாதி உருகிப் போச்சு. விஷயம் தெரிஞ்ச ஆள் இருந்தார், எழுதவும் செஞ்சார், ஆனா ரியாக்டர் பக்கத்துல நின்னவங்களுக்கு அது போய்ச் சேரவே இல்ல.

இதை வச்சு ஒரு மாசம் பாடம் நடத்தலாம். அந்த மெமோவை நீங்க எழுதியிருந்தா சப்ஜெக்ட் லைன் என்ன போட்டிருப்பீங்க, யாருக்கு அனுப்பியிருப்பீங்க, யாருக்கு நகல் (சிசி) போட்டிருப்பீங்க, எந்தத் தேதிக்குள்ள பதில் கேட்டிருப்பீங்க, பதில் வரலைன்னா யாருக்கு போன் போட்டிருப்பீங்க? இப்படிக் கேளுங்க, கிளாஸ்ல ஒருத்தரும் தூங்க மாட்டாங்க.

இன்னொரு ஆள் படிச்சே ஆகணும்னு நான் பிடிவாதமா கேக்குறதுக்கும் காரணம் இருக்கு. நாம எழுதினது புரியுதான்னு நமக்கே தெரியாது. உளவியல் ஆய்வாளர் ஜஸ்டின் க்ரூகரும் கூட இருந்தவங்களும் 2005ல வெளியிட்ட ஆய்வுல, கிண்டலா சொன்னதையும் சீரியஸா சொன்னதையும் எதிராளி பிரிச்சுக் கண்டுபிடிப்பாங்களான்னு சோதிச்சாங்க. மெயில் அனுப்பினவங்க 78 சதவீதம் சரியா கண்டுபிடிப்பாங்கன்னு நம்பினாங்க, நடந்தது 56 சதவீதம், காசு சுண்டிப் போட்டு சொன்னாலே 50 வரும். குரல்ல சொன்னப்போ 73. எழுதுறவங்களுக்கு தன் மனசுல ஓடுற தொனி கேட்டுக்கிட்டே இருக்கு, படிக்கிறவங்களுக்கு அது கேக்காது. இதைப் புத்தகத்துல படிச்சு உணர முடியாதுங்க, நாம நல்லா எழுதியிருக்கோம்னு நம்பின ஒண்ணை எதிர்ல ஒருத்தர் தப்பாப் புரிஞ்சுகிட்டு நிக்கிறதைக் கண்ணால பாத்தாதான் உறைக்கும்.

அதனால செய்முறை இப்படி இருக்கட்டும். மீட்டிங்கோட நேரம், இடம், அஜெண்டா மூணுமே மாறிடுச்சுன்னு ஒரு மாணவர் மெயில் எழுதட்டும், இன்னொரு மாணவர் அதை ஒரு தடவை மட்டும் படிச்சுட்டு எப்போ, எங்க, எதைத் தயார் பண்ணிட்டு வரணும்னு எழுதித் தரட்டும், அது தப்பா இருந்தா மெயில் எழுதினவருக்கு மார்க் குறையட்டும். அப்புறம் திருத்தி எழுத ஒரு வாய்ப்பு குடுங்க, ரெண்டாவதா எழுதினதுக்குத்தான் பெரிய மார்க். வேலைல எல்லாரும் திருத்தித்தான் எழுதுறோம், பரீட்சைல மட்டும் ஒரே மூச்சுல எழுதுனதைத் திருத்துறதுக்கு வழியே இல்ல. அதே விஷயத்தை கஸ்டமருக்கு ஒரு மாதிரி, மேனேஜருக்கு ஒரு மாதிரி, கூட வேலை பாக்குறவருக்கு ஒரு மாதிரி எழுதச் சொல்லுங்க. குரூப் டிஸ்கஷன்ல சத்தமா பேசுறவருக்கு மார்க் போறதும் நிக்கணும், பேசி முடிச்சதும் யார் என்ன செய்யுறதா ஒத்துக்கிட்டாங்க, எந்தத் தேதிக்குள்ளன்னு அஞ்சு வரில சரியா மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதுற அமைதியான பொண்ணுக்கும் அந்த மார்க் சேரணும்.

ஒரு கிளாஸ்ல அத்தனை பேர் இருக்குறப்போ எல்லாத்தையும் நானே எப்படித் திருத்துவேன்னு நீங்க கேப்பீங்க, ரொம்ப நியாயமான கேள்வி. அதுக்குத்தான் படிக்கிற வேலையை மாணவர்கள்கிட்டயே குடுக்கச் சொல்றேன். அடுத்தவர் எழுதினதைப் படிச்சு "இந்த இடத்துல எனக்குப் புரியல"ன்னு சொல்றதே இந்தப் பாடத்துல பாதி.

இன்னொரு பேச்சும் பேசியாகணும், இது என் மனசுல ரொம்ப நாளா இருக்கு. தாய்மொழில படிச்சுட்டு வர்ற பிள்ளைங்களுக்கு இந்தப் பேப்பர் ஒரு இங்கிலீஷ் பரீட்சையா மாறிப் போகுது. உச்சரிப்பைத் திருத்தியே செமஸ்டர் ஓடிடுது, அவங்க வாயைத் திறக்கவே பயப்படுறாங்க. என் டீம்ல தெளிவா மெயில் எழுதுறவங்கள்ல பாதிப் பேர் இலக்கணம் கொஞ்சம் தடுமாறுறவங்கதான், ஆனா யாருக்கு என்ன வேணும்னு முதல்ல யோசிப்பாங்க, சின்னச் சின்ன வாக்கியமா எழுதுவாங்க, சந்தேகம் இருந்தா கேட்டுடுவாங்க. முதல் டிராஃப்டைத் தாய்மொழில யோசிக்க விடுங்க, சொல்ல வேண்டியது என்னன்னு அதுல முடிவாகட்டும், மொழி பின்னாடி வரட்டும்.

இப்போ ஏஐகிட்ட கேட்டா எந்த ஃபார்மட்லயும் லெட்டர் வந்துடும், தெரிஞ்சதுதான். ஆனா இந்த கஸ்டமருக்கு எதைச் சொல்லணும், எதை இப்போ சொல்லக்கூடாது, மெயில் போடுறதா போன் பண்றதாங்குற முடிவு எழுதுறவரோடது. ஃபார்மட்டுக்கு நீங்க குடுக்குற மார்க்கை அந்த முடிவுக்குக் குடுங்க.

முழு சிலபஸையும் மாத்த பல கூட்டம் போடணும், வருஷக் கணக்குல ஆகும், புரியுது. வர்ற செமஸ்டர் கேள்வித்தாள்லயே "ஏழு சி-க்களை விளக்குக"ங்குற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துட்டு, மோசமா எழுதின ஒரு மெயிலைக் குடுத்து திருத்தி எழுதச் சொல்லுங்க. மெயிலுக்குப் பஞ்சமே இல்ல, ஆளுங்க பேரு, கம்பெனி பேரு, விவரம் எல்லாம் நீக்கிட்டு எங்களை மாதிரி வேலைல இருக்குறவங்களே எழுதித் தர்றோம், எப்போ வேணும்னாலும் கேளுங்க.

இப்படிக்கு,
உங்க மாணவர்களோட முதல் மெயிலைப் படிக்கிற ஒருத்தன்