பெசாக் வரும் முன் அஞ்சறைப் பெட்டியைப் பார்

ஜெருசலேம்

அன்புள்ள வசந்தி,

நீ இங்கே யூதர் வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து சேரும்போது பெசாக் என்ற யூதப் பண்டிகை நெருங்கியிருக்கும். 2026-ல் ஏப்ரல் 1 மாலை தொடங்குகிறது. இஸ்ரேலில் ஏழு நாள். ரொட்டியை விட்டால் போதும் என்று நினைக்காதே. கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் (ஒருவகைக் கோதுமை) மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தாலே புளித்த கணக்கு. அதுதான் ஹமேட்ஸ், பெசாக் நாட்களில் அது யூதர் வீட்டில் இருக்கவே கூடாது. பெசாக்கில் சாப்பிடும் புளிக்காத ரொட்டியான மட்ஸாவும் கோதுமைதான், ஆனால் அந்த 18 நிமிடத்துக்குள் பிசைந்து சுட்டுவிடுவார்கள்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெருங்காயத்தில். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ரவை, சேமியாவும் வேண்டாம். அரிசி, பருப்பு, கடுகு ஹமேட்ஸ் அல்ல; ஆனால் ஐரோப்பா வழிவந்த அஷ்கெனாசிக் குடும்பங்கள் அவற்றையும் தொட மாட்டார்கள். ஈராக் குடும்பம் என்றால் சோறு உண்டு, கோதுமை மணி கிடக்கிறதா என்று மூன்று முறை பொறுக்கிப் பார்த்த பிறகு. இட்லி மாவு அரிசி-உளுந்து என்பதால் ஹமேட்ஸ் ஆகாது, ஆனாலும் கேட்காமல் அரைக்காதே.

பாத்திரம் பெரிய வேலை. எவர்சில்வரை நன்றாகத் தேய்த்து 24 மணி நேரம் சும்மா வைத்து, தளதளவென்று கொதிக்கும் நீரில் முழுதாக முக்கி, குளிர்ந்த நீரில் அலச வேண்டும். பிடியின் இடுக்கில் அழுக்கு நின்றால் அத்தனையும் வீண். மண்சட்டிக்கு வழியே இல்லை, கட்டி ஒதுக்கிவிடுவார்கள். டேப் ஒட்டிய அலமாரியைத் திறக்காதே. அதிலுள்ள ஹமேட்ஸ் ரப்பி (யூத மதகுரு) வழியாக யூதரல்லாத ஒருவருக்கு விற்றது, பெயருக்கு அல்ல, சட்டப்படி. பெசாக்குக்கு முந்தின இரவு மெழுகுவத்தியோடு மிச்ச ஹமேட்ஸைத் தேடி, கிடைத்ததை மறுநாள் காலை எரிப்பார்கள்.

பெசாக்கின் முதல் இரவு செடெர் என்ற சடங்கு விருந்து நள்ளிரவு வரை இழுக்கும். பாட்டியை மதியமே தூங்கவை. அதில் குடிக்க வேண்டிய நான்கு கோப்பை ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாறு போதும். சடங்கில் சாப்பிடும் கசப்புக் கீரைக்குக் காரமான குதிரைமுள்ளங்கிதான் வேண்டும் என்றில்லை, ரோமைன் கீரை செல்லும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அதுதான் நல்லது. மட்ஸாவை நனைத்துக் கொடுக்கலாமா என்று முன்பே கேள், சில ஹசீதியர் (கட்டுப்பாடான ஒரு யூதப் பிரிவினர்) வீடுகளில் நனைக்க மாட்டார்கள். மட்ஸா மலச்சிக்கல் தரும்: தண்ணீரும் உலர்ந்த பிளம்ஸும் தினமும் கொடு. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. இனிப்பு மருந்தென்றால் மட்டும் ரப்பியிடம் கேட்கச் சொல்.

அம்மா பொடி இடித்துத் தருவதாக இருந்தால், பெருங்காயம் போடாமல் இடிக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா